பி0627: ஸ்பேர் டயருக்கு மேலே இல்லாத பெட்டி

பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் எங்கள் ஆட்களுக்கு இந்த ஊர் பெஸ்தாரி ஜெயா இல்லை, பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில் கோல சிலாங்கூர் மாவட்டம். எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் பத்து நிமிஷத்தில் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. என் பட்டறைக்கு வருவதில் பாதி தோட்டத்து வண்டிகள்: குலை ஏற்றும் லோரி, ஆள் ஏற்றும் வேன், அப்புறம் எல்லா வேலைக்கும் ஓடும் ஃபோர்வீல் பிக்கப். ஸ்கேனரில் பி0627 என்ற பழுது எண்ணைக் காட்டிய அப்படி ஒரு ஃபோர்வீலின் கதை இது. முதல் தடவை நான் கோட்டைவிட்டு இரண்டாம் தடவை பிடித்த வேலை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். எல்லாம் சரியாகப் போன வேலையை எழுதி யாருக்கு என்ன லாபம்?

வண்டி 2011 டொயோட்டா ஹைலக்ஸ், 2.5 லிட்டர் டீசல், 2கே.டி இன்ஜின், கை கியர். மீட்டரில் 340,000 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி தோட்டத்துச் செம்மண் ரோட்டில். ஓனர் குலை வெட்டும் காண்ட்ராக்டர். லயத்தில் பிறந்து, மண்டோராக (கங்காணியாக) இருந்து, பிறகு சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்தவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் டோ லோரியில் வந்து இறங்கியது. காலையில் குளிர்ந்த வண்டி நன்றாக எடுக்கும், ஓடும். ஒன்பது மணிக்கு மேல் சூடேறினால் நின்ற இடத்தில் ஆர்.பி.எம் ஏறி இறங்கும், இழுப்பு வந்தவர் மூச்சு விடுகிற மாதிரி. பாரத்தோடு மேடு ஏறும்போது ஒன்றும் இருக்காது. மேடு முடிந்து இறக்கத்தில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் செத்துப்போகும். பத்து நிமிஷம் விட்டால் திரும்ப எடுக்கும். போன வாரம் வரை இப்படி. இப்போது சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை.

எனக்கு முன்னால் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டார்கள். ஒரு இடத்தில் ஃபில்டரை இரண்டு தடவை மாற்றி, டாங்கியை இறக்கிக் கழுவியிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஸ்கேனர் போட்டு, ‘ஃபியூவல் பம்ப் கன்ட்ரோல்’ என்று திரையில் வந்ததைப் பார்த்து, பம்ப் போயிருக்கும், ரீகண்டிஷன் 3,500 வெள்ளி (ரிங்கிட்), பம்ப் இல்லையென்றால் இ.சி.யு, அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, ஹாஃப்கட் (வெட்டிய பழைய வண்டிச் சாமான்) கடையில் 1,800 வெள்ளி, இரண்டையும் மாற்றிவிட்டால் சந்தேகமே இருக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். சந்தேகம் இருக்காதுதான். பணமும் இருக்காது.

கூட அவர் மகனும் வந்திருந்தான். யூனிசெலில் படிக்கிற பையன், கெட்டிக்காரன். அந்தப் பட்டறையில் சொன்ன கோடை (ஸ்கேனர் காட்டும் பழுது எண்ணை) எழுதி வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்திருக்கிறான். “அங்கிள், ஃபியூவல் பம்ப் கன்ட்ரோல் மாட்யூல்தான். ஸ்பேர் டயருக்கு மேல சட்டத்துல ஒரு சின்ன அலுமினியப் பெட்டி இருக்கும். நான் கீழ படுத்து பார்த்தேன், நம்ம வண்டியில இல்ல. யாரோ கழட்டிட்டு போயிட்டாங்க போல” என்றான். அவன் அப்பா உடனே, போன மாதம் டயர் மாற்றிய கடை எது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

சிரிப்பு வந்தாலும் பையன் சொன்னதில் தப்பில்லை. வேறு ஊர், வேறு வண்டி, அவ்வளவுதான். அவன் பார்த்தது அமெரிக்காவில் ஓடும் பெட்ரோல் ட்ரக். அதில் டாங்கிக்குள் கரண்ட் பம்ப் இருக்கிறது. அந்தப் பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிடாமல், தேவைக்கு ஏற்றபடி கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்க ஒரு தனிப் பெட்டி. 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்ட் எஃப்-150-ல் அந்த அலுமினியப் பெட்டியை ஸ்பேர் டயருக்கு மேலே இரும்புச் சட்டத்தோடு ஒட்டிப் பொருத்தியிருப்பார்கள். அலுமினியம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், நடுவில் தண்ணீர். பனிக்காலத்தில் ரோட்டில் போடும் உப்பும் அதில் சேர்ந்துகொண்டால் அலுமினியம் அரித்து மாவாகி, முதுகு வெடித்து, உள்ளே போர்டு நனைந்து, ஓடுகிற வண்டி நின்றுபோகும். அதனால் புதுப் பெட்டியைச் சட்டத்தில் படாமல் இடைவெளி விட்டு மாட்டுவார்கள். வேறு சில வண்டிகளில் புதுப் பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது, கணினியில் புரோகிராம் ஏற்றினால்தான் பேசும்.

அந்த மாதிரிப் பெட்டியில் சந்தேகம் வந்தாலும் நேராகப் பெட்டியை வாங்க ஓடக்கூடாது. பெட்டிக்கு உள்ளே வரும் கரண்டும் எர்த்தும் பம்ப் ஓடும்போதே சரியாக இருக்கிறதா, இ.சி.யு கட்டளை வருகிறதா, பெட்டியிலிருந்து பம்ப்புக்கு வெளியே போகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். பம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய பம்ப் இறுகிப்போய் அதிகமாக இழுத்தால் நேற்று மாட்டிய புதுப் பெட்டியும் கருகும்.

சரி, நம் ஹைலக்ஸுக்கு வருவோம். இந்த டீசலில் டாங்கிக்குள் கரண்ட் பம்ப்பே கிடையாது. இன்ஜினில் இருக்கும் பெரிய பம்ப்பே டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி, அதையே அழுத்தி ரெயிலுக்கு, அதாவது இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு முன்னால் இருக்கும் அழுத்தக் குழாய்க்கு, அனுப்புகிறது. டென்சோவின் எச்.பி.3 வகைப் பம்ப். எவ்வளவு டீசல் அழுத்தத்துக்குப் போக வேண்டும் என்பதை அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வால்வு முடிவு செய்கிறது. சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு, எல்லாரும் எஸ்.சி.வி என்பார்கள். அந்த வால்வை ஓட்டுவது இ.சி.யு. நடுவில் பெட்டி எதுவும் இல்லை, இரண்டு வயர் நேராக இ.சி.யு-வுக்குப் போகிறது. பி0627 என்ற கோடுக்குப் பொதுப் புத்தகத்தில் ‘ஃபியூவல் பம்ப் கன்ட்ரோல் சர்க்யூட்’ என்று பெயர். எந்த வண்டியானாலும் பெயர் அதேதான். பெட்ரோல் ட்ரக்கில் அது பெட்டி, ரிலே, பம்ப் பக்கம் கை காட்டும். இந்த டீசலில் எஸ்.சி.வி-யையும் அந்த இரண்டு வயரையும் காட்டும். பையனிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் கொஞ்சம் வாடிப்போனது. பெட்டி திருடு போகவில்லை என்று அப்பாவுக்கு மட்டும் நிம்மதி.

ஸ்கேனரில் இரண்டு கோடு இருந்தன. பி0627, அதோடு பி1229. இரண்டாவது, ரெயில் அழுத்தம் இ.சி.யு கேட்டதைவிட மேலே போனால் வருவது. பத்து தடவை முயன்றதில் ஒரு தடவை இன்ஜின் பிடித்தது. லைவ் டேட்டாவில் கேட்ட அழுத்தம் 320 பார் என்று நேர்க்கோடாக நிற்க, உண்மை அழுத்தம் 240-க்கும் 420-க்கும் நடுவில் ஊஞ்சலாடியது. அது ஆடுகிற தாளத்துக்கே இன்ஜினும் ஏறி இறங்கியது. இறக்கத்தில் காலை எடுத்தால் சாவதற்கும் இதுதான் காரணம். காலை எடுத்ததும் இ.சி.யு வால்வைக் கிட்டத்தட்ட மூடச் சொல்கிறது. ஆர்.பி.எம் இறங்கி ஐடிலுக்கு வரும்போது கொஞ்சமாகத் திற என்கிறது. நல்ல வால்வு உடனே திறக்கும். சிக்கிக்கொள்கிற வால்வு யோசித்துத் திறக்கும். அது யோசிக்கிற அரை விநாடியில் ரெயில் காலி.

ஆனாலும் நேராக வால்வில் கை வைக்கவில்லை. வரிசையாகப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். முதலில் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு ஜாம் போத்தலில் பிடித்தேன். பத்து நிமிஷம் அசையாமல் வைத்ததும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் பழுப்பாக ஒரு கொழகொழப்பு. மூன்று வாரத்துக்கு முன் மாற்றிய ஃபில்டர் இது.

“அண்ணே, டீசல் எங்க ஊத்துறீங்க?” என்றேன். பாதி நேரம் ஸ்டேஷனில், பாதி நேரம் ட்ராக்டருக்கு என்று வைத்திருக்கும் டிரம்மில். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே ராத்திரியில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதல்லவா, அதிலிருந்து மனுஷருக்குக் கை இறுகிவிட்டது. முன்பெல்லாம் டிரம்மின் அடிமண்டியைப் புல் எரிக்க ஊற்றுவாராம், இப்போது அதையும் விடாமல் ஹைலக்ஸுக்கு ஊற்றுகிறார். டிரம் நிற்பதோ வெட்டவெளியில், நிமிர்த்தி. மழை பெய்தால் மேல்மூடியில் குளம் கட்டும். பகலில் வெயிலில் உள்ளே காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி குளிர்ந்ததும் டிரம் மூச்சை இழுக்கும், மூடியின் திருகு வழியாகத் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இது நடக்கும். நம் ஊர் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலும் கலந்திருக்கிறது. வெறும் டீசலைவிட அது ஈரத்தை அதிகம் பிடித்து வைக்கும், தண்ணீர் தேங்கினால் பாசி மாதிரிக் கிருமியும் வளரும். குலை ஏற்றுகிற வண்டியே குலையின் எண்ணெயையும் குடிக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை, தண்ணீரை வெளியே எடுத்தால் போதும்.

அடுத்து, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் கண்ணாடிக் குழாய் போட்டுப் பார்த்தேன். காற்றுக் குமிழி இல்லை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் (மீந்து திரும்பும் டீசலை) நான்கு போத்தலில் விட்டேன், நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு இன்ஜெக்டர் கசிந்து ரெயிலைக் காலி செய்கிறது என்ற கதை அதோடு முடிந்தது. எஸ்.சி.வி-யின் சாக்கெட்டைக் கழற்றி ஓம் பார்த்தேன், 2.1. இந்த வால்வுக்கு அது சரியான அளவு, உள்ளே இருக்கும் வயர்ச் சுருள், அதாவது காயில், உயிரோடு இருக்கிறது. காயில் சரி, ஆனால் அழுத்தம் ஆடுகிறது, டீசலில் தண்ணீரும் சேறும். அப்படியென்றால் உள்ளே ஊசி மாதிரி ஓடும் சிலிண்டர் தேய்ந்து சிக்குகிறது. என் கணக்கு இதுதான், பாதி சரியான கணக்கு.

அந்த பி0627? அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். முன்னால் பார்த்த பட்டறையில் சாவி போட்டபடியே சாக்கெட்டைக் கழற்றி மாட்டியிருப்பார்கள், அப்படிச் செய்தாலே அந்தக் கோடு விழும், இது பழைய கோடு என்று நானே முடிவு செய்து அழித்துவிட்டேன். அழித்த பிறகு பட்டறையில் ஓட்டியபோது அது திரும்ப வரவும் இல்லை. கோடு வராததை நான் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

எஸ்.சி.வி மாற்றுவது பெரிய வேலை இல்லை, கை நுழைய இடம் இல்லாத மூலையில் இருப்பதுதான் தொல்லை. மாற்றுவதற்கு முன் பம்ப்பைச் சுற்றி ஸ்ப்ரே அடித்துக் கழுவி, காற்றடித்துக் காய வைத்தேன். இதைச் சோம்பேறித்தனத்தில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வால்வைத் தூக்கியதும் அந்தத் துளைக்குள் ஒரு மணல் விழுந்தால் 480 வெள்ளி வேலை 3,500 வெள்ளி வேலையாகிவிடும். இரண்டு ஆலன் போல்ட், வால்வைத் திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். புது ஓ-ரிங்கில் டீசல் தடவி, நேராக அமுக்கி, சின்ன போல்ட் என்பதால் பலத்தைக் காட்டாமல் முடுக்கினால் போதும். பழைய வால்வின் ஊசியில் ஒரு பக்கம் கறுப்பாக உரசின கோடு, வெளிச்சத்தில் திருப்பினால் தெரிந்தது. டீசல் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சின்ன வலையில் அதே பழுப்புக் கொழகொழப்பு, அதையும் கழுவினேன்.

வால்வு வாங்கும்போது ஒரு விஷயம். கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் வகை ஒன்று, திறந்திருக்கும் வகை ஒன்று என்று இரண்டு உண்டு. இந்த வண்டியில் இருந்தது மூடியிருக்கும் வகை. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆகவே பழையதில் அடித்திருக்கும் நம்பரைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் ஒரிஜினல் 480 வெள்ளிக்கு எடுத்தேன். ஆன்லைனில் 90 வெள்ளிக்கும் கிடைக்கிறது, டப்பா கூட ஒரிஜினல் மாதிரியே இருக்கும். ஒரு தடவை போட்டுப் பட்டிருக்கிறேன், போதும்.

மாட்டியதும் டொயோட்டாவின் ஸ்கேனர் மென்பொருளான டெக்ஸ்ட்ரீமில் சப்ளை பம்ப் இனிஷியலைசேஷன் செய்தேன். பழைய வால்வு தேய்ந்துகொண்டே வந்ததற்கு ஏற்ப இ.சி.யு தன் கணக்கை மாற்றி வைத்திருக்கும், புது வால்வுக்குப் பழைய கணக்கு ஒத்துவராது. அழித்துப் புதிதாகக் கற்க விட்டேன். டாங்கியைத் திரும்பக் கழுவினோம், புது ஃபில்டர் போட்டோம். உண்மை அழுத்தம் கேட்ட அழுத்தத்தின் மேலேயே கோடு போட்டது மாதிரி ஒட்டி ஓடியது. ஈஜோக் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன், ஒரு குறையும் இல்லை. மொத்தம் 850 வெள்ளி வாங்கினேன். அண்ணன் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் காலை போன். “தம்பி, செத்துருச்சு. ரேம்ப் பக்கத்துல நிக்குது. குலை எல்லாம் மேல இருக்கு.”

ரேம்ப் என்பது வெட்டிய குலைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் மேடை. குலை வெட்டிய அன்றே ஆலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் புளித்து அமிலம் ஏறி விலை இறங்கும். அதனால் இந்த மாதிரிப் போன் வந்தால் பசியாறுவதைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். போய்ச் சேர்ந்தபோது பங்களாதேஷ் ஆட்கள் நான்கு பேர் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஸ்கேனர் போட்டேன். பி1229 இல்லை. பி0627 மட்டும் தனியாக, புதிதாக உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. என்னிடம் வந்த வண்டியில் நோய் ஒன்றில்லை, இரண்டு. ஆர்.பி.எம் ஆடியதும் பி1229-உம் வால்வுக்குச் சொந்தம். அது போய்விட்டது. பி0627 ஆரம்பத்திலிருந்தே தன் சொந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் பக்கத்துப் பட்டறை மேல் பழியைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். இறக்கத்தில் செத்ததில் எத்தனை வால்வால், எத்தனை வயரால் என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வண்டியை அசைத்ததும் ஸ்டார்ட் ஆனது, பட்டறைக்கு ஓட்டியே வந்துவிட்டோம். அதுவும் ஒரு சாட்சிதான், அசைத்தால் சரியாகிறது.

பட்டறையில் நிற்கும்போது ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டேன், வயரைக் கையால் ஆட்டினேன், சாக்கெட்டை இழுத்தேன், ஐடில் சுகமாக ஓடியது. இ.சி.யு பக்கம் வயரைக் குத்தி, வால்வுக்குப் போகும் துடிப்பை, கரண்டைத் திரையில் வரைந்து காட்டும் கையடக்க ஸ்கோப்பில் பார்த்தேன், அழகாக வெட்டி வெட்டிப் போகிறது. இ.சி.யு நல்லாயிருக்கிறது. இதைப் பார்க்காமல்தான் 1,800 வெள்ளிக்கு விலை பேசியிருந்தார்கள். ஹாஃப்கட் இ.சி.யு வாங்கியிருந்தால் சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசரோடு மல்லுக்கட்டி, அதையும் சரிசெய்து, கடைசியில் ரேம்ப் பக்கத்தில் இதே மாதிரி நின்றிருக்கும்.

அப்புறம் யோசித்தேன். வண்டி சாவது எப்போது? பாரத்தோடு போகும்போது, மேடு முடிந்து இறக்கத்துக்கு மாறும்போது. அந்த நேரத்தில் இன்ஜின் தன் ரப்பர் மவுன்ட்டில் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பும். நிற்கிற வண்டியில் இன்ஜின் சாய்வதில்லை. நான் கையால் ஆட்டியதெல்லாம் சாக்கெட் பக்கம், வயர் இழுபடுவது வேறு இடத்தில். பையனைப் பக்கத்தில் நிற்க வைத்து ஸ்கோப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஹேண்ட்பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்து, கிளட்ச்சைக் கொஞ்சமாக விட்டு இன்ஜினை முன்னும் பின்னும் சாய்த்தேன். ரிவர்ஸில் மூன்றாவது தடவை “அங்கிள், ஸ்கோப்ல துடிப்பு போச்சு!” என்று கத்தினான், இன்ஜினும் அதே நொடியில் நின்றது. இதைத் தனியாகச் செய்யாதீர்கள், வண்டிக்கு முன்னும் பின்னும் யாரையும் நிற்க விடாதீர்கள், டயருக்குக் கட்டை கொடுங்கள்.

இடம் தெரியவில்லை, இரண்டு வயரில் எது என்றும் தெரியவில்லை. இ.சி.யு கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, பேட்டரியைக் கழற்றிவிட்டு அங்கே சாக்கெட்டைப் பிடுங்கினேன். வால்வு பக்கமும் பிடுங்கினேன். இரண்டு வயரையும் மீட்டரில் முனைக்கு முனை பார்த்தால் ஒன்று 0.2 ஓம், இன்னொன்று 0.4. இரண்டும் நல்ல வயர் என்றுதான் யாரும் சொல்வார்கள், முதல் தடவை பார்த்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன். மீட்டர் அனுப்புவது துளி கரண்ட். அதற்கு ஒரு இழை இருந்தாலே போதும், பாதை இருக்கிறது என்று சொல்லிவிடும். வால்வுக்கு அது போதாது.

அதனால் பழைய முறைதான். 21 வாட் பிரேக் லைட் பல்ப் ஒன்றை எடுத்து, பேட்டரி பாசிட்டிவிலிருந்து வயர் வழியாகப் பல்ப்புக்கு விட்டு எர்த்தில் முடித்தேன். பல்ப் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். முதல் வயரில் பளிச்சென்று எரிந்தது. இரண்டாவதில் எரிந்தது, ஆனால் சாமி விளக்கு மாதிரி. இன்ஜினைக் கட்டையால் நெம்பிச் சாய்த்தேன், அணைந்தது. விட்டேன், எரிந்தது. பையன் இதை வீடியோ எடுத்துக்கொண்டான்.

அப்புறம் குழாயை உரிக்கும் வேலை. சாக்கெட்டிலிருந்து ஒரு முழம் பின்னால், இன்டேக் பைப்புக்குக் கீழே, நெளிவுக் குழாய் கிழிந்திருந்தது. கிழிந்ததல்ல, கடித்தது. உள்ளே ஒரு வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்குப் போய், செம்பு பச்சை பூத்து, தொட்டால் பொடியாகிற மாதிரி. எண்ணிப் பார்த்தால் முழுசாக இருந்தது இரண்டு இழை. வயரைத் தாங்கும் கிளிப் வேறு உடைந்திருந்ததால் இன்ஜின் சாயும்போதெல்லாம் இழுபட்டது அந்த இடம்தான். பேட்டரித் தட்டைத் தூக்கினால் கீழே கூடு: செம்பனை நார், கொட்டைச் சில்லு, யாரோ துடைத்துப் போட்ட பனியன் துணி.

தோட்டத்தில் எலி என்பது புதுச் செய்தியா? மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். பேர் தென்னமரம், நட்டது செம்பனை. அன்றிலிருந்து எலிக்கு இங்கே விருந்துதான். பழத்தைத் தின்ன வரும் எலியைப் பிடிக்கவே தோட்டங்களில் கம்பத்தில் பெட்டி அடித்துக் கூகை வளர்க்கிறார்கள். அண்ணன் வண்டியை ராத்திரி நிறுத்துவது ரேம்ப் பக்கத்தில், பின்னால் தொட்டியில் உதிரிப் பழம் கிடக்கும். சாப்பாடு பின்னால், சூடான இன்ஜின் முன்னால். நான் எலியாக இருந்தாலும் அங்கேதான் குடியிருப்பேன்.

ரிப்பேர் இப்படி: பச்சை பூத்த பகுதியை இரண்டு பக்கமும் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி எடுத்தேன். பச்சை வயரின் உள்ளே நாம் நினைப்பதைவிட அதிக தூரம் ஓடியிருக்கும், தோலை உரித்துக்கொண்டே போனால்தான் தெரியும். அதே கனத்தில் புது வயர் வைத்து, கிரிம்ப் அடித்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டினேன். வெறும் ஈயம் வைத்து டேப் சுற்றினால் இன்ஜின் அதிர்வில் ஈயம் முடிகிற இடத்திலேயே முறியும், டேப்பும் வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். பக்கத்து வயரிலும் பல் பட்ட தடம் இருந்தது, அதையும் மாற்றினேன், ஆனால் இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வராதபடி தள்ளித் தள்ளி வைத்தேன். சாக்கெட்டின் பூட்டு முறுகிப்போயிருந்ததால் வயரோடு வரும் புதுச் சாக்கெட் 45 வெள்ளி. கிளிப் போட்டுக் கட்டும்போது இன்ஜின் சாய இடம் விட்டு, வயரைத் தளர்வாகவே விட்டேன். திரும்பப் பல்ப் வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே பிரகாசம். பல்ப் எரியும்போதே வயரின் இரண்டு முனைக்கும் நடுவில் வோல்ட் அளந்தால் 0.1-ஐத் தாண்டவில்லை.

ஹேண்ட்பிரேக் சாய்ப்பை இருபது தடவை செய்தோம், ஸ்கோப்பில் துடிப்பு ஒரு தடவை கூடத் தவறவில்லை. பிறகு அண்ணனே ஒரு டன் குலை ஏற்றிக்கொண்டு வந்து, எந்த இறக்கத்தில் சாகுமோ அதே இறக்கத்தில் என்னையும் உட்கார வைத்து நான்கு தடவை ஏறி இறங்கினார். காலை எடுக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

இரண்டாம் தடவைக்குச் சாக்கெட்டும் சில்லறைச் சாமானும் 60 வெள்ளி மட்டும் வாங்கினேன், கூலி வாங்கவில்லை. வால்வு உண்மையிலேயே போயிருந்ததால் முதல் பில்லைப் பற்றி எனக்கு உறுத்தல் இல்லை, ஆனால் வரிசையாகப் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்று மேலே எழுதினேனே, அந்த வரிசையில் அரை மணி நேரப் பல்ப் சோதனையும் இருந்திருக்க வேண்டும். ரேம்ப்பில் நின்ற குலைக்கு அண்ணனுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டிரம்மை எப்படி வைப்பது என்று பையனுக்குக் காட்டிக் கொடுத்தேன். கூரைக்குக் கீழே படுக்க வைத்து, இரண்டு திருகு மூடியும் கடிகாரத்தில் மூன்று மணி, ஒன்பது மணி இருக்கும் இடத்தில் வருகிற மாதிரி, அப்போது டிரம் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும்வரை மூடி டீசலுக்குள்ளேயே மூழ்கியிருக்கும், காற்றையும் தண்ணீரையும் இழுக்க வழியில்லை. அடிமண்டி ஹைலக்ஸுக்குக் கிடையாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கினேன்.

நான்கு மாதம் கழித்து எண்ணெய் மாற்ற வந்தது. கோடு எதுவும் இல்லை. ஃபில்டர் திருகைத் திறந்து அதே ஜாம் போத்தலில் பிடித்தேன், அடியில் அரைக் கரண்டித் தண்ணீர் கூட இல்லை. நான் போட்ட வயரில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் ரப்பர் குழாயைக் காணோம், இரண்டு முனையில் பல் தடம் மட்டும் இருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, ரேம்ப் பக்கத்தில் ஒரு கூகைப் பெட்டி அடித்துத் தரச் சொல்லித் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியிடம் (தலைமை எழுத்தரிடம்) கேட்டிருப்பதாகச் சொன்னார்.